தலைச்சுற்று: எல்லாம் ஒன்றல்ல

அறை சுழல்வது போன்ற உணர்வு, எழுந்தவுடன் கண் இருளுதல், நடக்கையில் கால் தள்ளாடுதல் ஆகிய மூன்றையும் ‘தலைச்சுற்று’ என்றே சொல்வது வழக்கம். இவற்றின் காரணங்களோ வெவ்வேறு. ஆகவே, எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பவற்றையும் மருத்துவரிடம் கூறுதல் அவசியம். பித்தம் என்று எண்ணி மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வோர் பலர். அது தேவையற்ற துன்பம்.

படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறை சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், பெரும்பாலும் உட்செவியே காரணம். அங்குள்ள நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் புகுந்துவிடுகின்றன. தலை அசையும்போது அவை குழாயிலுள்ள திரவத்தை அசைப்பதால், உடலே சுழல்வதாக மூளை பிழையாக உணர்கிறது. இதற்கு மாத்திரையைவிட, தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படிகங்களை வெளியேற்றும் ‘எப்லி’ முறையே ஏற்றது. பயிற்சி பெற்ற மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ சில நிமிடங்களில் இதனைச் செய்துவிடுவார். பலருக்கு ஓரிரு முறைகளிலேயே குணமாகும்.

சுழற்சி மணிக்கணக்கில் நீடித்து, காது இரைச்சலும் கேட்டல் குறைவும் சேர்ந்து வந்தால், அது வேறு செவிநோயாக இருக்கலாம்.

எழும்போது மட்டும் கண் இருண்டால், இரத்த அழுத்தம் திடீரெனக் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். படுத்திருக்கையிலும், எழுந்து மூன்று நிமிடங்களுக்குள்ளும் அழுத்தத்தை அளப்பர். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் அதுவே காரணமாகலாம். போதிய நீர் அருந்தாமையும் சில மாத்திரைகளும் இதனை உண்டாக்கும். அதற்காக அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்தானது. ஊரிலிருந்து தருவித்த சூரணம் உட்பட எல்லா மருந்துகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்வது நன்று. இன்சுலின் எடுப்போர் கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்கு முன்னரே மருந்தளவைப் பற்றிக் கேட்டறிய வேண்டும்; சர்க்கரை குறைந்தாலும் தலை சுற்றும்.

தலைச்சுற்றுடன் முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கம் வலுவிழத்தல், இரட்டைப் பார்வை, மார்பு வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், திடீரென நிற்கவே இயலாமற் போனாலும், பிள்ளைகள் வேலையிலிருந்து வரும்வரை காத்திருக்கலாகாது. அவுஸ்திரேலியாவில் உடனே 000 என்ற எண்ணை அழைத்து, ‘ஆம்புலன்ஸ்’ என்றும் பின்னர் ‘தமிழ்’ என்றும் சொன்னாற் போதும்.

அவசரமற்ற வேளையில், குடும்ப மருத்துவரைச் சந்திக்கத் தமிழ் உரைபெயர்ப்பாளரை 131 450 என்ற எண் வழியே பெறலாம். பேரப்பிள்ளையை அழைத்துச் சென்றால், மேற்கூறிய மூன்று உணர்வுகளும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடக் கூடும்.