சாப்பிடச் சாப்பிடப் பசிக்கும் திரான்சிற்றர்

"கலியாண வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிற அம்ப், பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் கை வைக்க முடியாமல் சுடுகிறது. ரெண்டு ஃபேன் பூட்டியும் சரிவரவில்லை" என்று ஒலுவில் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

பாட்டுப் போட்டால் மட்டும் சுட்டால் ஸ்பீக்கர்களைப் பார்க்கலாம்: 8 ஓம் ஸ்பீக்கர் நான்கைச் சமாந்தரமாகக் கொளுவினால் அம்ப்புக்குத் தெரிவது 2 ஓம்; அதனால் மின்னோட்டம் மிகும். சும்மா இருக்கும்போதே சுட்டால் கோளாறு உள்ளே.

ஒலியலையின் மேல் பாதியை ஓர் அணித் திரான்சிற்றர்களும் கீழ்ப் பாதியை மற்ற அணியும் சுமக்கின்றன. கைமாறும் இடத்தில் ஒலி பிசிறாமலிருக்க, இரண்டு அணியிலும் எப்போதும் சிறு மின்னோட்டம் ஓடவேண்டும். சிலிக்கன் திரான்சிற்றர் ஒரு பாகை சூடேறினால், ஏறத்தாழ 2 மில்லிவோல்ற் குறைவாகக் கொடுத்தாலே அதே ஓட்டத்தைத் தரும். நாம் கொடுப்பதோ குறைவதில்லை. ஆகவே ஓட்டம் கூடும், அது இன்னும் சூடாக்கும். தடுப்பில்லாவிட்டால் 30 பாகைக்குள் ஓட்டம் ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும்.

ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹனில் ஒருவருக்கு, சாப்பிடச் சாப்பிடப் பசி கூடும் வியாதி என்று வையுங்கள். இறைச்சி முடியும், அடுத்தவர் பக்கச் சோற்றுக்கும் கை நீளும், வட்டிலாப்பம் வருமுன்னே ஆள் விழுவார், பக்கத்திலிருப்பவரையும் இழுத்துக்கொண்டு. மருந்து இரண்டு. முதலாவது, ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஓர் இழுபட்டி: கை எவ்வளவு நீளுமோ அவ்வளவு பின்னிழுக்கும். போர்ட்டில் வெள்ளைக் கட்டியாக நிற்கும் 0.22 ஓம் ரெசிஸ்டர்கள் அவைதான். இரண்டாவது, பந்தி பார்க்கும் மாமா: பெரிய திரான்சிற்றர்கள் பூட்டிய ஹீட்சிங்க்கில் முறுக்கிய சிறு திரான்சிற்றர். சூட்டைத் தொட்டறிந்து, கொடுக்கும் வோல்ற்றளவை அவர் குறைப்பார்.

மாமா விறாந்தையில் நின்றால் என்ன ஆகும்? பெரிய திரான்சிற்றர்களை மாற்றுகிற அவசரத்தில் இந்தச் சிறியதைத் திரும்ப முறுக்காமல் தொங்கவிடுவது அடிக்கடி நடப்பது. ஃபேன் காற்று அதன்மேல் பட்டால் இன்னும் மோசம்: உள்ளே பற்றி எரிய, எல்லாம் குளிர்ச்சி என்று மாமா சாட்சி சொல்வார்.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1947இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த திரான்சிற்றர் ஜெர்மேனியத்தால் ஆனது, அது சூட்டில் இன்னும் விரைவாகக் கைமீறும். 1954இல் சிலிக்கன் வந்தது. அவ்வளவு போதும்.

திருத்தும்போது பார்க்கவேண்டியவை சில. வெள்ளை ரெசிஸ்டரின் இரு முனைக்கும் மீற்றர் வையுங்கள். 22 மில்லிவோல்ற் என்றால் 100 மில்லியம்பியர். சூடேறிய பின்னும் அது தயாரிப்பாளர் சொன்ன அளவில் நிற்கவேண்டும். ஏறிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். உப்புக்காற்று ஊரில், ஓட்டத்தைச் சரிசெய்யும் குட்டித் திருகு கறுத்துத் தொடுப்பு விடும். சில போர்ட்டுகளில் அப்போது ஓட்டம் உச்சத்துக்குத் தாவும். புதிய திருகின் விலை மிகச் சொற்பம். மலிவாகக் கிடைக்கும் 'ஒரிஜினல்' திரான்சிற்றர்களில் போலிகள் ஏராளம்; உள்ளே சிலிக்கன் சில்லு நகக்கண்ணளவுகூட இராது. அம்ப் பெட்டியில் அச்சிட்ட '10,000 வாற்று' என்பதை நம்பவே வேண்டாம்: 230 வோல்ற்றில் அதற்கு 40 அம்பியருக்கு மேல் வேண்டும், வீட்டு பிளக் 13 அம்பியர்.

திருத்திய அம்ப்பை நேரே மின்சாரத்தில் கொளுவாதீர்கள். 100 வாற்றுக் குண்டு பல்பொன்றைத் தொடரில் போடுங்கள். ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். மூன்றாவது ஃபேன் வாங்குமுன், அந்தச் சிறு திரான்சிற்றர் எங்கே முறுக்கியிருக்கிறது என்று திருத்துநரிடம் கேளுங்கள்.