நீர் புகும் நிலம்

வருசநாட்டு மலையில் தோன்றும் வைகையாறு ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடி இராமநாதபுரச் சீமையை அடைகின்றது. ஆண்டிற் பல திங்கள் அதன் மணற்பரப்பு வறண்டு கிடத்தலால், உழவர் கிணற்று நீரையே பெரிதும் நம்பி வாழ்கின்றனர். இறைத்த நீருக்கு ஈடாக மழைநீர் மண்ணுட் புகாவிடின் ஊற்று வற்றும், பயிரும் வாடும்.

ஆயின், நீர் எவ்விடத்தும் ஒருபடித்தாக உட்புகுவதில்லை. செங்குத்தான சரிவில் அது நில்லாது ஓடிவிடும். களிமண் அதனைத் தடுக்கும். மணல் விரைந்து உள்வாங்கும். வைகை வடிநிலத்தின் மேற்பகுதியில் பெரும்பாலும் கடினப் பாறையே உள்ளது. அங்கே பாறை வெடித்தும் சிதைந்தும் உள்ள இடமே நீரை ஏற்கும்.

அவ்விடங்களை அறிதற்கு வல்லுநர், பாறை, சரிவு, மண்வகை, ஓடைகளின் நெருக்கம், நிலப்பயன், மழையளவு ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனித்தனி வரைபடம் அமைக்கின்றனர். செயற்கைக்கோட் படங்கள் இதற்குத் துணையாகின்றன. ஒவ்வொன்றின் சிறப்பிற்கேற்ப மதிப்பெண் இட்டு, அனைத்தையும் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவர். கூட்டுமதிப்பு மிக்க நிலம் நீர் செறிவூட்டத் தக்கது; குறைந்தது தகாதது. பின்னர்க் கிணறுகளின் நீர்மட்டத்தோடு ஒப்பிட்டுப் படத்தின் மெய்ம்மையைச் சோதிப்பர்.

இடமறியாது எழுப்பிய தடுப்பணையில் தேங்கும் நீர் வெயிலில் ஆவியாகிப் போம். பொருளும் உழைப்பும் வீணாம். இடமறிந்து கட்டியதோ சூழவுள்ள கிணறுகளுக்கு உயிரூட்டும்.

மாணவர்களே! உங்கள் ஊரில் மழைநீர் எங்கே நெடுநாள் தேங்குகின்றது, எங்கே விரைவில் மண்ணுள் மறைகின்றது என்பதை உற்று நோக்குங்கள். அந்நோக்கே இக்கலைக்கு முதற்படியாகும்.