பக்கத்து நிரையில் நிற்பவர்



தேயிலைத் தோட்டத்தில் புதிதாகப் பேர் பதிந்த ஒரு பெண் கொழுந்து பறிக்கக் கற்றுக்கொள்வதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவளுக்கு எவரும் பாடம் நடத்துவதில்லை. அனுபவமுள்ள ஓர் அக்காவின் பக்கத்து நிரையில் அவளை நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எவ்விடத்தில் முறியும், எந்தத் தளிரை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும், கை நிறைந்ததும் திரும்பிப் பாராமலே முதுகுக் கூடைக்குள் எவ்வாறு எறிவது என்பனவெல்லாம் கண் வழியே புகுந்து விரல்களில் இறங்கிவிடுகின்றன. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதன் பின்னர் மலையகமெங்கும் பரவிய இத்தொழில், பெரும்பாலும் இவ்வாறே தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்துள்ளது.

அந்த அக்கா, நிறையைக் கூட்டுவதற்காக முற்றிய இலையையும் சேர்த்துப் பறிப்பவராக இருந்தால், சின்னவளும் அதையே பழகிக்கொள்வாள். நல்லது எது, கெட்டது எது என்று கண் பிரித்துப் பார்ப்பதில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். லயத்துக் காம்பராவில் மறைவிடம் ஏது? சம்பள நாள் இரவில் தந்தை தள்ளாடி வருவதையும், தாயின் மீது கை ஓங்குவதையும் மூலையில் போர்வைக்குள் கிடக்கும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. "சின்னப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?" என்கிறோம்.

1961இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா 72 பாலர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார். காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடித்து ஏசுவதைச் சில பிள்ளைகள் பார்த்தனர். பின்னர் அவர்களிற் பலர் அதே அடியை அடித்தனர். அதே சொற்களையும் சொன்னார்கள். இதை அறிய அமெரிக்காவரை போக வேண்டுமா, நம் பிள்ளைக் காம்பராவில் ஒரு மணி நேரம் நின்றால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆயினும் 1965இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம்மைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும். அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த பிள்ளைகள் அவரை அவ்வளவாகப் பின்பற்றவில்லை. ஆனால், "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்று சொன்னவுடன் அவர்களும் மற்றப் பிள்ளைகளைப் போலவே செய்து காட்டினார்கள். அதாவது, எல்லோரும் கற்றிருந்தார்கள். சிலர் வெளிக்காட்டவில்லை, அவ்வளவே. "என் மகன் ஒரு துளியும் தொடுவதில்லை" என்று மார்தட்டும் தந்தை இதைச் சற்றுச் சிந்திப்பாராக.

இது தலைவிதி என்று சொல்ல வரவில்லை. குடி புகுந்த வீட்டிலிருந்து நேர்மையாக எழுந்து நின்ற எத்தனையோ பேர் நம் தோட்டங்களில் உண்டு. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஓர் அப்பாயியை, ஒரு மாமாவை, ஓர் ஆசிரியரைப் பார்த்து வளர்ந்ததாகச் சொல்பவர்கள் பலர். அவர்களுடைய பக்கத்து நிரையில் வேறொருவர் நின்றிருக்கிறார்.

நம் ஆண்டவரும் பன்னிருவரைத் தெரிந்துகொண்டபோது, முதலில் அவர்கள் தம்மோடு இருக்க வேண்டுமென்றே விரும்பினார். அதன் பின்னரே அனுப்பினார் என மாற்கு நற்செய்தி உரைக்கிறது. இராவுணவின் போது தாழ்மையைப் பற்றிப் பேசுமுன் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அட்டனும் நுவரெலியாவும் அடங்கிய நம் கண்டி மறைமாவட்டத்து மண்ணிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவி மக்கள் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, புனித யோசேப் வாஸ் அடிகளார் அவர்களைத் தேடிச் சென்று கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். அவருடைய நெருங்கிய உறவினரான யோசேப் கர்வாலியோ அடிகளாரும் உடனிருந்து அதே பணியைச் செய்தார்.

மாலைச் செபத்தில் ஒரு சிறு காட்சி. பேரனை எதிரே அமர்த்தி, அப்பாயி சிலுவை அடையாளம் வரைந்து காட்டுகிறார். அவன் கண்ணாடியில் தெரிவது போல இடக்கையைத் தூக்குகிறான். "அந்தக் கை இல்லடா" என்று இருமுறை சொல்லிப் பார்க்கிறார். மூன்றாம் முறையும் இடக்கைதான். அப்பாயி எழுந்து, மெல்ல வந்து, அவன் பக்கத்தில் பாயில் அமர்ந்துகொண்டு, மீண்டும் நெற்றியிலிருந்து தொடங்குகிறார்.