‘சலாம் போடறது’ வேற... ஸலாம் சொல்றது வேற!

‘‘அவனுக்கென்னப்பா... மேலே இருக்கறவனுக்கு சலாம் போட்டே பிரமோஷன் வாங்கிட்டான்!’’

எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை, ஷிஃப்ட் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்காருகிறவர்களிடம் இந்த டயலாக்கை அடிக்கடி கேட்கலாம். தமிழில் ‘சலாம்’ என்றாலே குனிந்து, குழைந்து, காரியம் சாதிப்பது என்று ஆகிவிட்டது. பாவம் அந்த அரபுச் சொல்! அதன் நிஜ குணம் இதற்கு நேர் எதிர்.

‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்றால், ‘உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்’. பதிலுக்கு ‘வ அலைக்குமுஸ் ஸலாம்’ - ‘உங்கள் மீதும் சாந்தி உண்டாகட்டும்’. ‘இஸ்லாம்’, ‘முஸ்லிம்’ இரண்டும் இதே வேரில் முளைத்த வார்த்தைகள்தான். யூதர்கள் சொல்கிற ‘ஷாலோம்’கூட ஒருவகையில் ஒன்றுவிட்ட தம்பி! இறைவனின் திருநாமங்களில் ஒன்று ‘அஸ்ஸலாம்’. ஆக, இது சல்யூட் இல்லை... பிரார்த்தனை. முதுகு வளைய வேண்டியது இறைவனுக்கு மட்டும்தான்.

சரி, யார் யாருக்கு முதலில் சொல்வது? நபிகள் நாயகம் வகுத்த ஒழுங்கைப் பாருங்கள். இளையவர் பெரியவருக்கு, சின்னக் கூட்டம் பெரிய கூட்டத்துக்கு, நடந்து போகிறவர் உட்கார்ந்திருப்பவருக்கு. அப்புறம்தான் விஷயமே... வாகனத்தில் வருகிறவர் நடந்து போகிறவருக்கு!

1950-களில் புல்லட் மோட்டார் சைக்கிளுக்குத் தொழிற்சாலை எழுந்த ஊர் திருவொற்றியூர். அங்கே இதைப் பொருத்திப் பாருங்கள். ‘டுபுடுபு’வென்று புல்லட்டில் வருகிற முதலாளிதான், சாப்பாட்டுத் தூக்கோடு ஓரமாக நடந்து போகிற ஹெல்பருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும். உயரத்தில் இருப்பவருக்குத் தலைக்கனம் வந்துவிடக் கூடாதே! இப்போது சொல்லுங்கள்... யார் யாருக்கு ‘சலாம் போடுவது’?

பதில் சொல்வதிலும் கஞ்சத்தனம் கூடாது. ஒருவர் வாழ்த்தினால் அதைவிட அழகாக, குறைந்தபட்சம் அதே அளவுக்காவது திருப்பி வாழ்த்தச் சொல்கிறது குர்ஆன் (4:86). ‘வ ரஹ்மத்துல்லாஹி’ சேர்த்தால் இறைவனின் அருளும், ‘வ பரகாத்துஹு’ சேர்த்தால் அபிவிருத்தியும் கூடவே வரட்டும் என்று அர்த்தம். மூன்றுக்கும் முறையே 10, 20, 30 நன்மைகள் என்கிறது நபிமொழி. செலவில்லாத போனஸ்!

அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றால் ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையா? முகம் சுளிக்காமல் திரும்பிவிட வேண்டும். காலிங்பெல்லில் வைத்த விரலை எடுக்காதவர்கள் கவனிக்க!

ஸலாமைப் பார்சல்கூட அனுப்பலாம். ‘ரஜூலா’, அப்புறம் ‘எம்.வி.சிதம்பரம்’ என்று சென்னைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பயணிகள் கப்பல் போன காலம் ஒன்று இருந்தது. 1985-ல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது. கடல் தாண்டிப் போகிறவரிடம், ‘‘எங்க மச்சானைப் பாத்தா என் ஸலாத்தைச் சொல்லுங்க பாய்’’ என்று சொல்லி அனுப்புவது நம் முஸ்லிம் குடும்பங்களில் பழைய வழக்கம். அது கை மாறி வந்த அமானிதம். வாங்கிக் கொள்கிறவர், ‘உங்கள் மீதும் அவர் மீதும் சாந்தி உண்டாகட்டும்’ என்று கொண்டு வந்தவரையும் சேர்த்தே வாழ்த்துவார். போஸ்ட்மேனுக்கும் பங்கு உண்டு!

இத்தனையும் சுலபம். கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது.

ராயபுரத்தில் அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு பழைய இரும்புக்கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். கணக்கில் தகராறு. பேச்சு நின்றுவிட்டது. பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்று தொழுகிறார்கள். தொழுகை முடிவில் வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பி ஸலாம் சொல்கிறார்கள். வெளியே வந்ததும் ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே! இது செல்லாது என்கிறார் நபிகள் நாயகம். மூன்று நாளைக்கு மேல் சகோதரனை ஒதுக்கி வைக்கக் கூடாது. இருவரில் சிறந்தவர், முதலில் ஸலாம் சொல்பவர்தான்.

கவனியுங்கள்... ‘தப்பு செய்தவர் முதலில் சொல்லட்டும்’ என்று சொல்லவில்லை. ‘சின்னவன் இறங்கி வரட்டும்’ என்றும் இல்லை. நியாயம் யார் பக்கம், பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் பிறகு நிதானமாகப் பேசித் தீர்த்துக் கொள்ளலாம். முதலில் வாயைத் திறக்க வேண்டும்! விட்டுக் கொடுத்தவன் தோற்றவன் என்கிற நம் ஊர்க் கணக்கு இங்கே தலைகீழ். முந்தியவரே ஜெயித்தவர்.

அந்த ரெண்டு வார்த்தை வெளியே வருவதற்குள் தொண்டையில் எத்தனை முள்! கௌரவம், கோபம், ‘ஊர் என்ன சொல்லும்?’... அத்தனையையும் விழுங்கிவிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸலாமுக்கு மதிப்பே அங்கேதான்.

‘ஸலாம்’ என்றோ ‘வணக்கம்’ என்றோ எதை வேண்டுமானாலும் சொல்லிக் கொள்ளுங்கள். அது இருக்கட்டும்... உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் பேச்சு நின்னு எத்தனை நாளாச்சு?