நோய் தீர்ந்த பின் வரும் துக்கம்

ஆறுதல் என்ற பெயரில்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவர் கண்ணாடியில் தம் உருவத்தைக் கண்டு கலங்கி நிற்கையில், "உயிர் பிழைத்ததே பெரிது, முடி போனால் என்ன?" என்று உறவினர் சொல்லும் வார்த்தை, அன்பினால் பிறந்ததேயாயினும், அவர் வாயை அடைக்கிறதேயன்றி மனத்தை ஆற்றுவதில்லை. பிழைத்ததற்குச் சந்தோஷமும் இழந்ததற்கு விசனமும் ஒரே நெஞ்சில் ஒருங்கே இருக்கக்கூடியவை. பல்லாண்டுகளாகத் தமதென்று பழகிய சரீரம் சில மாதங்களில் அந்நியமாகிவிட, அதற்காக ஒருவர் அழுவதை அற்ப ஆசையென்று சொல்வது அநியாயம்.

கேசம்

கீமோதெரபி மருந்துகள் விரைந்து பெருகும் செல்களைத் தாக்குபவை. மயிர்க்கால்களின் செல்களும் அவ்வாறு பெருகுபவையாதலின், அம்மருந்துகளுள் பலவற்றால், முதல் தவணைக்குப்பின் 2, 3 வாரங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்குகிறது. பழனியிலும் திருப்பதியிலும் மனமுவந்து முடி காணிக்கை செலுத்தும் நம் பெண்கள் மொட்டைத் தலைக்கு அஞ்சுபவர்கள் அல்லர். அங்கே தாமே கொடுக்கிறார்கள், இங்கே கேளாமல் பறிக்கப்படுகிறது. ஆகையால், உதிரும்வரை காத்திராமல் தாமே ஒரு நாள் குறித்து, காயம் படாதவாறு சவரக்கத்தியை விலக்கி டிரிம்மரால் முடியை ஒட்ட வெட்டிக்கொள்வது பலருக்கு மனோதைரியம் தருகிறது. மருந்து நின்றபின் பெரும்பாலோர்க்கு 3 முதல் 6 மாதங்களில் முடி வளர்ந்துவிடும்; முதலில் சுருட்டையாகவோ நிறம் மாறியோ வருவதுமுண்டு.

மார்பும் முகமும்

மார்பகத்தை இழந்த பெண், உள்ளாடைக்குள் பொருத்திக்கொள்ளும் சிலிக்கோன் மார்பகத்தால் வெளித்தோற்றத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால், தம்பதிகளிடையே விழும் மௌனத்திற்கு அவ்விதப் பரிகாரம் இல்லை. வலிக்குமோ என்றஞ்சிக் கணவர் விலகிப் படுக்க, அதை அருவருப்பென்றே மனைவி எண்ணிக்கொள்ள, இருவரும் வாய் திறவாமலே மாதங்கள் கழிகின்றன. தழும்பை முதன்முதல் பார்க்கும் வேளையில், அவள் இசைந்தால், கணவரும் உடனிருப்பது இத்தவறான எண்ணத்தை முளையிலேயே களையக்கூடும்.

வாய்ப்புற்றினால் தாடையின் ஒரு பகுதியை இழந்தவர் படும் துன்பமோ இதனினும் கொடியது. ஏனெனில் முகத்தை மூடிவைக்க ஆடையில்லை. பஸ்ஸில் உற்றுநோக்கும் கண்களுக்கு, புகையிலையைக் குறித்துத் தம்மைத் தாமே நொந்துகொள்ளும் நெஞ்சோடு, அவர் என்ன பதில் சொல்வார்? "ஆபரேஷன் ஆயிற்று, இப்போது சௌக்கியம்" என்ற ஒரு வாக்கியத்தைச் சித்தமாக வைத்திருந்தால், அதற்குமேல் யாருக்கும் விளக்கம் சொல்லும் கடமை அவருக்கில்லை.

மருத்துவரிடம் சொல்லவேண்டியது

தூக்கமும் பசியும் கெட்டு, வாசல் தாண்ட மனமின்றி, இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துக்கம் நீடிக்குமாயின், அல்லது எஞ்சிய சிகிச்சையே வேண்டாமென்று தோன்றுமாயின், அதுவும் வைத்தியம் பார்க்கவேண்டிய நிலையே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனிப்பிரிவு உண்டு. வேறிடங்களில் சிகிச்சை பெறுவோர், புண் ஆறியதைக் காட்டச் செல்லும் நாளிலேயே, டாக்டர் கேட்கட்டும் என்றிராமல், மனத்தின் நிலையையும் அவரிடம் தாமே சொல்லிவிடலாம்.