பச்சைப் பட்டினி விரதமும் சர்க்கரைக்காரர் சிறுநீரகமும்

மாசி மாதக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதலோடு சமயபுரத்தில் பச்சைப் பட்டினி விரதம் தொடங்குகிறது. பக்தர்களின் நலனுக்காக மாரியம்மனே 28 நாட்கள் விரதம் இருப்பதாக ஐதீகம். அந்நாட்களில் அம்மனுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு இவைதாம். பக்கத்து ஊரான மண்ணச்சநல்லூரில் கடைக்காரர்களும் அரிசி ஆலைக்காரர்களும் பலர் இந்த விரதம் ஏற்பது வழக்கம். அவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டென 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. நம் கடைத்தெரு அதற்கு விலக்கல்ல.

பட்டினி இருந்தால் சர்க்கரை நோயே போய்விடும் என்ற பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. அதில் பாதி உண்மை உண்டு. 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும் சில மாதங்கள் உட்கொண்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர், ஓராண்டு முடிவில் மாத்திரையின்றியே சர்க்கரை கட்டுக்குள் இருந்தார்கள். சொல்லாமல் விடும் மறுபாதி என்னவென்றால், இன்சுலின் போடுபவர்களையும் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. சேர்ந்தவர்களுக்கும் சர்க்கரை மாத்திரையை முதல் நாளே மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். நம்மவர்களோ சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தவறாமல் போடுகிறார்கள்!

இன்சுலினையும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையும் உடம்பிலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது தளர்ந்திருந்தால் மருந்து உள்ளேயே தங்கி, வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். ஒருமுறை பானகம் குடித்துத் தேறினாலும் சில மணி நேரத்தில் மறுபடி மயக்கம் வரலாம். டாபாகிளிபுளோசின் வகை மாத்திரை சிறுநீரகத்துக்கு நல்லதென்று பலருக்குத் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் பட்டினியின்போது அதனால் இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு, சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே. பங்குனி வெயிலில் தண்ணீரும் குறைந்து, முழங்கால் வலிக்கு ஒரு வலிமாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமே குறைந்துவிடும்.

இளநீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதில் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் அதைக் கழித்துவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். சோடியம் குறைந்த உப்பு என்று நாம் விற்கும் பொட்டலத்திலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அதை நல்ல உப்பென்று எடுத்துக் கொடுக்காதீர்கள். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைக்காரருக்கு ஆகும் என்று சொல்லி விற்கும் கடைகளும் இருக்கின்றன. அது வியாபாரப் பேச்சு. துள்ளுமாவிலும் பானகத்திலும் உள்ள வெல்லம் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய இரண்டு பரிசோதனைகள் போதும்: சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியேட்டினின். கிரியேட்டினினை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். சிறுநீரகத்தின் திறன் ஏறக்குறைய பாதி போன பிறகே அது பலருக்கு ஏறிக் காட்டும். அல்புமின் அதற்கு வெகு முன்பே ஒழுகத் தொடங்கும். காலில் வீக்கமோ வலியோ வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

ஆகவே காப்புக் கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே இவ்விரண்டையும் பார்த்து, போடும் மாத்திரைகள் அத்தனையையும் மருத்துவரிடம் காட்டி, எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரமலான் நோன்பு நோற்கும் நம் முஸ்லிம் வணிகர்களுக்கும் இது பொருந்தும். நோயாளிக்கு அவர்கள் மார்க்கமே விலக்கு அளித்திருக்கிறது. விரத நாளில் வியர்த்து, கை நடுங்கினால், அல்லது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், கடையில் இருக்கும் சீனியை உடனே மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். அன்றைய விரதம் அத்தோடு முடிந்தது.