மணற்பாங்கான நிலத்தில் இட்ட உரம் எங்கே போகிறது?

யூரியா இட்ட சில நாட்களில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், திண்டுக்கல் சமவெளியின் மணல் கலந்த செம்மண்ணில் பயிர் வெளிறக் காண்கிறோம். உடனே சங்கத்து உரத்தைப் பழிப்போரும் உளர்!

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். அது மண்ணில் முதலில் அம்மோனியமாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அம்மோனியத்தைக் களிமண் துகள்கள் பற்றி நிறுத்தும். நைட்ரேட்டை அவை பற்றுவதில்லை. மணலிலோ களியும் குறைவு, மக்கும் குறைவு; மழைநீருடன் சத்து வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பணம் போவதோடு முடியவில்லை. கிணற்று நீரில் நைட்ரேட் மிகுந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆகாது. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது.

2015 முதல் நம் நாட்டு யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அப்பூச்சு மாற்றத்தைத் தாமதப்படுத்துமேயன்றி அடைமழையைத் தாங்காது. ஆதலின் தொழுவுரம் தாராளமாக இட்டு, தழைச்சத்தை இரண்டு மூன்று தவணைகளாகப் பிரித்து, மழை ஓய்ந்த இடைவெளியில் இடுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.